முப்பத்தோரு அங்குலப் பலகை

பெலேக் ட்ராஸ்க் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் சட்டத்தை மீறினான். அதையும் ஒழுங்காக மீறத் தெரியவில்லை, பாவம். டன்பரோவில் மற்றவர்கள் எல்லாம் அந்த வித்தையைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள். பாதிரியார் வீட்டுக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள், தெரியும்.

எங்கள் ஊர்க் காடு பொதுக்காடு. அடுப்பு புகையும் வீடு ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு இரண்டு மரம் பங்கு. வெட்டியதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், அக்கம்பக்கத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், ஊர் எல்லையைத் தாண்டி விற்கக் கூடாது. இது ஊர்க்கூட்டம் போட்ட சட்டம். நியாயமான சட்டம், யாரும் குறை சொன்னதில்லை. அதற்கு மேலே ராஜா ஒரு சட்டம் போட்டிருந்தார். வெள்ளைப் பைன் மரம் அடிப்பக்கம் இருபத்துநாலு அங்குலத்துக்கு மேல் பருத்துவிட்டால் அது அவருடையது. அவருடைய போர்க்கப்பல்களுக்குப் பாய்மரத் தூண் வேண்டுமாம். மர அதிகாரி வந்து மரத்தில் மூன்று கொத்துக் கொத்திவிட்டுப் போவார், காக்காய்க் கால் மாதிரி ஒரு குறி. குறி இல்லாவிட்டாலும் பருமன் இருந்தால் போதும், ராஜா சொத்துதான். கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு எங்கள் நியூ ஹாம்ப்ஷயர்ச் சதுப்பில் நிற்கிற மரம் எப்படிச் சொந்தமாயிற்று என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. கேட்கவும் ஆள் கிடையாது என்று வையுங்கள்.

இருபத்துநாலைத் தாண்டிய பலகை ஒருவன் வீட்டில் இருந்தால் அவன் ராஜாவின் மரத்தை வெட்டியிருக்கிறான் என்று அர்த்தம். அதனால் டன்பரோவில் எந்தப் பலகையும் இருபத்திரண்டு அங்குலத்தைத் தாண்டாது. தாண்டியவற்றின் மேல் கம்பளம் கிடக்கும், அல்லது அலமாரி நிற்கும். அதிகாரி வந்து "இது எத்தனை அங்குலம்?" என்று கேட்டால் ஆண், பெண், பிள்ளை எல்லோரும் ஒரே குரலில் "இருபத்திரண்டு" என்பார்கள். நாள்பட நாள்பட அது ஊர்ப் பேச்சாகவே ஆகிவிட்டது. "நேத்து எத்தனை குவளை குடிச்சே?" "இருபத்திரண்டு." "உன் மாமியாருக்கு என்ன வயசு?" "இருபத்திரண்டு." மேலே கேட்காதே, நான் சொல்வதாக இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

அந்த வார்த்தையை அப்படிச் சொல்லாத ஒரே ஆள் பெலேக். அவன் ஊரின் மரம் அளப்பவன். ஒவ்வொரு மார்ச் மாதமும் ஊர்க்கூட்டத்தில் கை தூக்கித் தேர்ந்தெடுப்பார்கள், அவன் வேதத்தின் மேல் கை வைத்துப் பொய்யளவு சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்வான். பத்தொன்பது வருடம் செய்துவிட்டான். ஆலையில் அறுபட்டு வரும் பலகையைத் தள்ளி நின்று பார்த்தே அங்குலம் சொல்லுவான், கோலை வைத்தால் அதே எண் வரும். அவன் இருபத்திரண்டு என்றால் அது இருபத்திரண்டேதான். அடுத்தவன் வீட்டுக்குள் போகும்போது மட்டும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்துக்கொண்டே நடப்பான். தரையைப் பார்த்தால் கண் தானாக அளந்துவிடுமே. இதனால் இரண்டு முறை நாய் மேல் விழுந்திருக்கிறான்.

சிரிக்காதீர்கள், அவனுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. அவன் சின்ன வயதில் அப்பா ஒரு பெரிய பைனை வெட்டி வீட்டுக்குக் கதவு போட்டார். யாரோ சொல்லிவிட்டார்கள். தண்டம் கட்ட வழியில்லாமல் கடற்கரைப் பட்டணத்துச் சிறையில் ஒரு குளிர்காலம் இருந்தார். இருமலோடு திரும்பி வந்தார், அடுத்த குளிர்காலத்தைப் பார்க்கவில்லை. கதவைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் வேறு கதவு வைத்துவிட்டுப் போகவில்லை. அந்தத் திறந்த வாசலில் அம்மா போர்வை கட்டித் தொங்கவிட்டதை பெலேக் யாரிடமும் சொன்னதில்லை, கெத்தூராவிடம் தவிர.

கெத்தூரா அவன் மனைவி. அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது, அவள் அப்படிப்பட்ட உருவம். டன்பரோவிலேயே பெரிய பெண்பிள்ளை. இரண்டு கையிலும் இரண்டு வாளி மரச்சாறு தூக்கிக்கொண்டு மேப்பிள் தோப்பிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வருவாள். சிரித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். பெலேக் ஒல்லி, வாய் பேசாதவன், அவள் நிழலில் நின்றால் வெயில் படாது. கல்யாணத்தன்று ஆலைக்காரன் ஓபேத் லண்ட், "பெலேக், பொண்ண அளந்து பாத்தியா? காக்காக் கால் போட்டிருக்கப் போறாங்க" என்று கத்தினான். சபை சிரிப்பதற்கு முன்னால் கெத்தூராவே சிரித்துவிட்டாள். "ராஜா கேட்டா குடுத்துடாதய்யா" என்று பெலேக் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் காது சிவந்து போய் நின்றான். பிள்ளை பிறக்கவில்லை, பிறக்காததற்காக ஒருவரை ஒருவர் நோகவும் இல்லை. இருபத்தாறு வருடத்தில் அவன் அவளிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசிக் கேட்டவர் கிடையாது. அவள் உட்பட.

இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் கல்லறை மேடு களிமண் பூமி. வசந்தத்தில் கீழிருந்து தண்ணீர் ஊறும். அதனால் சவப்பெட்டியின் அடிப்பலகை ஒற்றைப் பலகையாக இருக்கவேண்டும் என்பது ஊர் வழக்கம். முதுகுக்குக் கீழே இரண்டு பலகை சேரும் மூட்டு வந்தால் அது வழியாக ஈரம் ஏறும், செத்தவருக்குக் குளிரும் என்பார்கள். மற்றவர்களுக்கெல்லாம் இருபத்திரண்டு அங்குலம் தாராளம். கெத்தூரா இதையும் விட்டுவைக்கவில்லை. "என்னைய ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுத்தான் பொதைக்கணும். இல்லேன்னா ராஜாவுக்குக் கடுதாசி போடுங்க" என்று அடுத்தவர் வீட்டு இழவிலேயே சொல்லி, அழுதுகொண்டிருந்தவர்களைச் சிரிக்கவைத்தவள்.

அந்த மார்ச்சில் அவளுக்கு நெஞ்சுச் சளி வந்து காய்ச்சலாக முற்றியது. பனி இடுப்பளவு கிடந்தது. ஊர்க்கூட்டத்துக்கு பெலேக் போகவில்லை, போகாமலேயே அவனைத் தேர்ந்தெடுத்து, சத்தியம் வாங்க ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறாம் நாள் கெத்தூராவுக்குக் கண் உள்ளே போய்விட்டது. வைத்தியம் தெரிந்த கிழவர் வந்து பார்த்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "பலகை பாத்து வெச்சுக்கப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பெலேக் உள்ளே வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. தன் அப்பா செத்தபோதும் அழாதவள், கால் எலும்பு முறிந்தபோது எலும்பைச் சேர்த்துக் கட்டியவரிடமே நையாண்டி பேசியவள்.

"என்ன செய்யுது?" என்றான்.

"குளுருதுய்யா. இப்பவே இப்படிக் குளுருதே. கீழ மூட்டு வெச்ச பலகையில என்னையப் போட்டுட்டா, தண்ணி வந்துக்கிட்டே இருக்குமே. எப்பவும் குளுருமே." அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. காய்ச்சலில் ஒரு சின்னப் பெண்ணைப் போலத் தேம்பினாள்.

பெலேக் மூன்று போர்வை போர்த்தினான். பக்கத்து வீட்டு எப்சிபாவை உட்காரச் சொல்லிவிட்டு, கோடாலியை எடுத்துக்கொண்டு, மறுநாள் விடிந்து ஒரு நாழிகைக்குள் பொதுக்காட்டின் தெற்குச் சதுப்புக்குப் போனான். அங்கே ஒரு பைன் இருந்தது. மர அதிகாரி சேற்றுக்குப் பயந்து அந்தப் பக்கம் வராததால் குறி விழாமல் தப்பிய மரம். பெலேக் அதைப் பல வருடமாகத் தெரிந்துவைத்திருந்தான். முப்பத்துநாலு அங்குலம். கோல் வைக்காமலே தெரியும்.

மரத்தடியில் நெடுநேரம் நின்றான். அப்பா நினைப்பு வந்தது. அம்மா கட்டிய போர்வை நினைப்பு வந்தது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கோடாலியை ஓங்கினான். அன்றும் மறுநாளும் வெட்டினான். மரம் சாய்ந்தபோது அவன் தொப்பியைக் கழற்றினான், மரத்துக்கா ராஜாவுக்கா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

ஓபேத்தின் எருதுகளைப் பூட்டிப் பனிச் சறுக்குவண்டியில் மரத்தை ஆலைக்கு இழுத்து வந்தான். ஓபேத் மரத்தின் அடியைப் பார்த்தான். பெலேக் முகத்தைப் பார்த்தான்.

"எத்தன அங்குலம்?" என்றான்.

பெலேக் வாயைத் திறந்தான்.

"வேணாம், நீ சொல்லாத, உண்மையச் சொல்லித் தொலைச்சிருவே. நானே சொல்றேன். இருபத்திரண்டு. உருட்டு உள்ள" என்றான் ஓபேத். நடுவில் ஒரே ஒரு அகலப் பலகை எடுத்தார்கள், முப்பத்தோரு அங்குலம். மற்றதையெல்லாம் ஒழுங்கான பலகையாக அறுத்து அடுக்கிவிட்டார்கள்.

இப்போது பெலேக்கின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். வெட்டின இடத்தில் அடிக்கட்டை நிற்கிறதே, அதை மறைக்கவேண்டுமே என்று யோசித்தான். ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதை எரித்திருப்பான், அல்லது சேறு பூசிப் பாசி ஒட்டியிருப்பான். இவன் என்ன செய்தான்? சுற்றியிருந்த பனியை வாரி வாரிக் கட்டையின் மேல் மேடாகக் குவித்து, தட்டிச் சமன்செய்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்தான். ஏப்ரல் என்று ஒரு மாதம் வரும் என்பது ஐம்பத்தோரு வயது மனுஷனுக்குத் தோன்றவில்லை. அது மட்டுமில்லை, இடுப்பளவு பனியின் மேல் நின்று வெட்டியதால், பனி போனதும் அந்தக் கட்டை நெஞ்சு உயரத்துக்கு நிற்கும். ஒரு மைல் தூரத்திலிருந்து தெரியும். நல்லவனாகவே இருந்து பழகிப்போனவனுக்கு இதெல்லாம் எங்கே வரப்போகிறது.

பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கையறைச் சுவரில் சாய்த்தான். அன்று சாயங்காலம் கெத்தூராவுக்கு வேர்த்தது. வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இறங்கிவிட்டது. மறுநாள் காலை கண்ணைத் திறந்து, சோளக் கூழ் இருக்கிறதா என்று கேட்டாள்.

பெலேக் கூழ் கிண்டும்போது உள்ளே இருந்து குரல் வந்தது.

"இங்க சாத்தி வெச்சிருக்கியே, இது என்ன பலகை?"

"கதவுக்கு."

"நமக்குத்தான் கதவு இருக்கே."

பெலேக் கூழைக் கிண்டினான்.

உள்ளே சாண் போட்டு அளக்கும் ஓசை. மரம் அளப்பவன் பெண்டாட்டி அவள், அவளுக்குச் சொல்லித்தரவேண்டுமா? அப்புறம் சிரிப்பு, இருமல், மறுபடி சிரிப்பு. "அடப்பாவி மனுஷா! எனக்கா? நான் சாகாம உன் வேலையெல்லாம் வீணாக்கிட்டனே!"

கூழோடு உள்ளே போனபோது அவள் கண் கலங்கியிருந்தது. "ஏன்யா வெட்டினே? நீயா? உங்கப்பாவுக்கு அப்படி ஆனதுக்கப்புறமா? ஏன்?"

பெலேக்குக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"இருபத்திரண்டு" என்றான்.

அந்த அர்த்தத்தில், வாழ்நாளில் முதல் தடவையாக. ஊர் முழுக்க விளையாட்டாகச் சொல்வதை இவன் சொன்னபோது கெத்தூராவுக்குச் சிரிப்பு வரவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

கட்டிலின் கயிறு தொய்ந்து அவளுக்கு முதுகு வலித்தது. "சும்மாத்தான கெடக்கு, இப்பவே போடு எனக்குக் கீழ" என்று அந்தப் பலகையைக் கயிற்றின் மேல் போடச் சொல்லி, அதன் மேல் இறகு மெத்தை விரித்துப் படுத்தாள். அன்று முதல் நன்றாகத் தூங்கினாள். மெதுவாக எழுந்து அடுப்பு வரை நடந்தாள், திரும்பி வந்து படுத்தாள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கேட்பாள், ஏன் வெட்டினே என்று. அவன் கோழிக்குத் தீனி போடவேண்டும் என்று எழுந்து போவான். இப்படி மூன்று வாரம் ஓடியது. கோழிகள் கொழுத்துப்போயின.

ஏப்ரல் வந்தது. பனி போயிற்று. ஒரு நாள் காலை ஓபேத் வயலுக்குக் குறுக்கே மூச்சிரைக்க ஓடிவந்தான். ஓபேத் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"லாத்ராப் வந்துட்டான். மர அதிகாரி. தெக்குச் சதுப்புல கட்டையப் பாத்துட்டான். ஏண்டா, பனியப் போட்டாடா மூடுவாங்க? ரெண்டு ஆளோட வீடு வீடாப் பாத்துக்கிட்டு வர்றான். மூணு வீடு முடிஞ்சுருச்சு. எல்லாரும் இருபத்திரண்டுன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க, அவன் கோலோட வர்றான். எங்கடா அந்தப் பலகை?"

"அவளுக்குக் கீழ."

"ரம்பம் போடு, சீக்கிரம். நான் போய் என் வீட்டு ஆப்பிள் மதுவக் காட்டி அவன நிறுத்தி வெக்கிறேன். ரெண்டு குவளைக்கு மேல குடிக்கமாட்டான், பாத்துக்க." வந்த வேகத்தில் திரும்பி ஓடினான்.

பெலேக் ரம்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். தன்னைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியும். லாத்ராப் அவன் சத்தியத்தை நினைவுபடுத்தி, இது எத்தனை அங்குலம் என்று கேட்டால், நாக்கு முப்பத்தொன்று என்று சொல்லிவிடும். சிறை பெரிதில்லை. இப்போதுதான் பிழைத்து எழுந்தவளை, அம்மாவைப் போலக் கதவில்லாத வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டுமே, அதுதான்.

"எழுந்திரு, கெத்தூரா. லாத்ராப் வரான். பலகைய அறுக்கணும்."

அவள் எழுந்திருக்கவில்லை. போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

"மாட்டேன்."

"என்ன இது? அவன் ஓபேத் வீட்டுக்கு வந்துட்டான்!"

"வரட்டும். இருபத்தாறு வருஷத்துல நீ எனக்குன்னு செஞ்சது இது ஒண்ணுதான். ஒரு நாடா வாங்கிக் குடுத்ததில்ல. ஒரு வார்த்த சொன்னதில்ல. ஊரே என்னையப் பாத்துச் சிரிக்கும்போது நானும் சேந்து சிரிச்சேன், நீ மட்டும் சிரிக்காம நிப்பே. அது ஒண்ண வெச்சுக்கிட்டுத்தான் இத்தன வருஷம் ஓட்டினேன். இப்ப இந்தப் பலகை இருக்கு. இது போயிட்டா எனக்கு என்ன இருக்கு? ஏன் வெட்டினேன்னு கேட்டா எனக்கே இருபத்திரண்டுங்கிறே!"

"போச்சு, எல்லாம் போச்சு" என்று பெலேக் கதவுப் பக்கம் பார்த்தான், அவளைப் பார்த்தான். ரம்பத்தைச் சுவரில் சாய்த்தான். அப்படியே கட்டில் ஓரத்தில், அவள் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ அழுதே" என்றான்.

அவள் போர்வைக்கு மேலாக அவனைப் பார்த்தாள்.

"நீ அழுது நான் பாத்ததில்ல. குளுருதுன்னு சொன்னே. மூணு போர்வை போட்டேன், அப்பவும் குளுருதுன்னே. எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல. மரத்துகிட்டப் போய் நின்னா கை நடுங்குச்சு. அப்பா ஞாபகம். திரும்பிடலாம்னு நெனச்சேன், நெசமாத்தான். அப்ப உன் முதுகுக்குக் கீழ ஒரு மூட்டு, அதுல தண்ணி வர்றது, நீ அங்க தனியாக் கெடக்கிறது... என்னால முடியல. ராஜாவுக்குப் பயந்தேன், ஆனா இதுக்கு அதவிடப் பயந்தேன்." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். "எனக்கு உன்மேல ரொம்ப ஆசை, கெத்தூரா. ஊரு சிரிக்கும்போது நான் சிரிக்கலேன்னா, எனக்கு அதுல வேடிக்கையா எதுவும் தெரியல. நான் எல்லாத்தையும் அளந்துருவேன். உன்னைய மட்டும் பெருசுன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. நீ இல்லேன்னா இந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? யாரு என்கிட்டப் பேசுவா?"

வெளியே ஓபேத் வீட்டு நாய் குரைத்தது.

கெத்தூரா போர்வையை விலக்கினாள். தரையில் காலை ஊன்றி, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். தலை சுற்றியது, அவன் தாங்கிக்கொண்டான்.

"ம், அறு" என்றாள்.

"என்ன?"

"அறுய்யா. வாயால கேட்டுட்டேன். இனிமே எனக்குப் பலகை எதுக்கு? சீக்கிரம் கோடு போடு, இருபத்திரண்டுல போடு, கை நடுங்காம போடு!"

இரண்டு முக்காலியின் மேல் பலகையைப் போட்டு அவன் அறுத்தான். அவள் மறுமுனையில் தன் பாரம் முழுவதையும் வைத்து அமுக்கி உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பாரம் அன்றைக்கு எவ்வளவு உதவியது என்று பெலேக் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறான். பலகை இம்மிகூட அசையவில்லை. பைன் மென்மையான மரம், ரம்பம் இறங்கிக்கொண்டே போயிற்று. ஒன்பது அங்குலத் துண்டு கீழே விழுந்ததும் அவன் அதைக் கோடாலியால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டான், அவள் அடுப்பில் திணித்து மேலே கூழ்ப் பானையை ஏற்றினாள். அறுத்த விளிம்பில் சாம்பலும் கொழுப்பும் தேய்த்தான். மரத்தூளைக் கூட்டி அள்ளிக் கோழிக்கூண்டில் கொட்டினான். பலகை கட்டிலுக்குத் திரும்பியது, மெத்தை விரிந்தது, கெத்தூரா அடுப்பருகே நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவைத் தட்டினார்கள்.

லாத்ராப் கெட்டவர் இல்லை. சேறு படிந்த காலணி, களைத்த முகம், மூன்று குவளை ஆப்பிள் மது. உள்ளே வந்ததும் இருமினார்.

"என்னம்மா இப்படிப் புகையுது?"

"ஈர விறகுங்கய்யா. நான் படுத்துக் கெடந்தேன், காய வெக்க ஆளில்ல" என்றாள் கெத்தூரா.

அவர் அடுப்பருகே போய் ராஜாவின் மரத்தில் இரண்டு கையையும் நன்றாகச் சூடுகாட்டிக்கொண்டார். அவருடைய ஆட்கள் தரையை அளந்தார்கள், மேசையை அளந்தார்கள், கதவை அளந்தார்கள். கதவை அளக்கும்போது பெலேக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் மெத்தையைத் தூக்கினார்கள்.

"மிஸ்டர் ட்ராஸ்க், நீங்க சத்தியம் பண்ணின ஆள். ஊருல மத்தவங்க சொல்றத நான் நம்பல. நீங்க சொல்லுங்க, இந்தப் பலகை எத்தனை?"

"இருபத்திரண்டு" என்றான் பெலேக். கோல் வைத்தார்கள். மயிரிழை கூடவோ குறையவோ இல்லை.

லாத்ராப் பலகையைப் பார்த்தார், நாற்காலியில் இருந்த கெத்தூராவைப் பார்த்தார். "உங்களுக்கு இது ரொம்பக் குறுகலாச்சேம்மா" என்றார், நிஜமான இரக்கத்தோடு.

"எல்லாம் ராஜா புண்ணியம்" என்றாள் அவள்.

அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சாயங்காலம் வரை தேடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

லாத்ராப் வாசலைத் தாண்டியதுமே கெத்தூரா களைத்துப்போனாள். பெலேக் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தான். படுத்ததும் பலகை ஒரு பக்கம் சரிந்தது, அவள் கயிற்றுப் பள்ளத்தில் உருண்டாள். மறுபடி நிமிர்ந்து படுத்தாள், மறுபடி சரிந்தாள்.

"பாத்தியா, ஒம்பது அங்குலம் கொறையுது" என்று முனகினாள்.

பெலேக் சுற்றிலும் பார்த்தான். முட்டுக்கொடுக்க வீட்டில் ஒரு கட்டை மிச்சமில்லை, எல்லாம் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்துக்குள் தோளை நுழைத்து, பலகையின் ஓரத்தில் ஒட்டவைத்துக்கொண்டான். அவள் மெல்லச் சாய்ந்தாள். அவள் முதுகு முழுவதும் அவன் தோளில் வந்து படிந்தது. கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

"வலிக்குதா?" என்றாள்.

"இல்ல."

"பொய் சொல்றே."

"ஆமா" என்றான்.

அவள் கையை நீட்டி அவன் தலைமயிரைத் தொட்டாள், தொட்டபடியே தூங்கிப்போனாள். அவனுக்குத் தோள் மரத்தது, பிறகு கை மரத்தது. அடுப்பில் கூழ் அடிப்பிடித்து வாடை வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.